வெள்ளையணுவும் வீட்டுக் கணக்கும்

இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பள்ளிக்கூடத்து மார்க்குப் பட்டியல்போல் பாவிக்கும் வழக்கம் நம்மவரிடையே பரவிவிட்டது. எண் ஏறினால் ஆறுதல், இறங்கினால் கிலி. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருத்தல் இயல்பு. சீட்டில் 2,800 என்று கண்டுவிட்டாலோ, "எண்ணை ஏற்ற ஊசி இருக்கிறதாமே, டாக்டர்! என்ன விலையானாலும் போட்டுவிடுங்கள்" என்று நகைப்பெட்டியைத் திறக்கும் குடும்பங்கள் உண்டு. ஏன் குறைந்தது என்று கேட்ட பிறகல்லவா பெட்டியைத் திறக்க வேண்டும்?

காரணத்துக்குத் தக்கபடியே செலவும். டெங்கு ஜுரத்தில் வெள்ளையணுக்கள் குறைவது சகஜம். நோய் தணிந்தபின் அவை தாமே மீளும். அங்கே கவனிக்க வேண்டியவை உடலின் நீர்ச்சத்தும் இரத்தக் கசிவுமே. தைராய்டு மிகுதிக்குக் கொடுக்கும் கார்பிமசோல் மாத்திரை, அபூர்வமாகச் சிலருக்கு வெள்ளையணுக்களை அடியோடு குறைத்துவிடும். அதை உண்பவருக்குத் தொண்டை வலியும் ஜுரமும் கண்டால் அன்றே வைத்தியரிடம் சென்று இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்துவதே அதற்கு முதல் சிகிச்சை. அதற்கு விலை ஏது? பி12 சத்துக் குறைவினால் வந்ததாயின் சொற்ப விலை ஊசியே போதும்.

பெருஞ்செலவு புற்றுநோய்ச் சிகிச்சையில்தான். பொள்ளாச்சி, தாராபுரம், கோபி முதலிய ஊர்களிலிருந்தெல்லாம் கீமோதெரபிக்காகக் கோயமுத்தூர் வருகிறார்கள். அம்மருந்து எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால், போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் மிகத் தாழ்ந்து போகலாம். அவற்றுள் நியூட்ரோபில் என்னும் வகை 500க்கும் கீழே இறங்கினால், நம் குடலில் சாதுவாக இருக்கும் கிருமியே எமனாகும். அச்சமயம் 101 டிகிரி ஜுரம் கண்டால், பாராசிட்டமாலை விழுங்கிவிட்டுக் காலைப் பஸ்ஸுக்குக் காத்திருத்தல் கூடவே கூடாது. ஆஸ்பத்திரி சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமிநாசினி மருந்து நரம்பில் ஏற வேண்டும். இங்கே உயிரைக் காப்பது முதலில் வேகம், பிறகுதான் பணம்.

எண்ணை ஏற்றும் ஊசியின் பெயர் பில்கிராஸ்டிம். ஜுரத்தோடு அணுக்குறைவு வரும் அபாயம் நூற்றுக்கு இருபது அல்லது அதற்கு மேல் உள்ள சிகிச்சைகளில் இதை முன்னதாகவே போடுவது முறை. அபாயம் குறைந்தவர் எல்லோருக்கும் இது அவசியமன்று. தினம் ஒன்றாகப் பல நாள் போடுவது ஒரு வகை. ஒரு சுற்றுக்கு ஒரே தடவை போடும் பெக்பில்கிராஸ்டிம் மற்றொரு வகை. பின்னது விலை கூடுதல். ஆயினும் ஒரு வார காலம் இருவர் பஸ் ஏறும் கட்டணத்தையும் இழக்கும் கூலியையும் கூட்டிப் பார்த்தால், எது மலிவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். தினசரி ஊசியை உள்ளூர் நர்ஸிடம் போட்டுக்கொள்ள வைத்தியர் சம்மதித்தால், மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே கொண்டுபோக வேண்டும், உறையவும் விடலாகாது.

அமெரிக்காவில் 1991-இல் விற்பனைக்கு வந்த இம்மருந்தை, ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியார் 2001-லேயே நம் நாட்டில் தயாரித்து அளித்தனர். அமெரிக்க சர்க்கார் இத்தகைய ஒப்பு மருந்துக்கு முதல் அனுமதி வழங்கியது 2015-இல்தான்! இன்று இந்தியக் கம்பெனிகள் பல இதைச் செய்கின்றன. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு உச்சவரம்பும் உண்டு. ஆகவே கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லி விலை விசாரிப்பதில் வெட்கம் வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எதெது அதில் அடங்கும் என்பதைச் சிகிச்சை தொடங்குமுன்பே கேட்டறிதல் நலம்.

கீமோதெரபி நடக்கும் வீட்டில் இன்றைக்கே வாங்கி வைக்க வேண்டியது ஒரு ஜுரமானி. அதன் பக்கத்திலேயே, நள்ளிரவில் கூப்பிட்டாலும் வரக்கூடிய கார்க்காரரின் போன் நம்பரையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.