கொழும்பின் பழைய தேசப்படங்களைத் திறந்துவிடுங்கள்

இடவிளக்கப் படம் வாசிக்கத் தெரியாத பிள்ளையால் உயர்தரப் புவியியல் வினாத்தாளை எழுத முடியாது. கொட்டாஞ்சேனையில் நான் படிப்பிக்கும் பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள். சமவுயரக் கோடுகள் ஆற்றைக் கடக்கும் இடத்தில் எந்தப் பக்கம் வளைகின்றன என்று பார்த்து நீரோட்டத்தின் திசையைச் சொல்லிவிடுவார்கள். ஒருநாளும் போயிராத மலைநாட்டுக் கிராமத்தைப் படத்தை வைத்தே விபரிப்பார்கள். அதே பிள்ளைகளிடம், தாங்கள் தினமும் நடந்து வரும் ஜம்பட்டா வீதியைச் சுற்றி நூறு வருடங்களுக்கு முன் என்ன இருந்தது என்று கேட்டால் பதில் வராது. அதில் அவர்களுடைய பிழை எதுவுமில்லை. அந்தப் படத்தை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. என் ஆசிரியர்கள் எனக்கும் காட்டியதில்லை.

நானும் என் வகுப்பும் கொழும்பின் பழைய படங்களைப் பார்த்தது நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தின் இணையத்தளத்தில்தான். போடல் நெயன்ஹௌஸ் என்பவர் தன் வாழ்நாளில் சேர்த்த ஏறக்குறைய 50,000 தேசப்படங்களை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்துவிட்டு 1872இல் இறந்துபோனார். பிற்காலத்தில் ஆம்ஸ்டர்டாம் வெப்பமண்டல நிறுவனத்திடமிருந்த குடியேற்றக் காலப் படங்களும் அங்கே வந்து சேர்ந்தன. ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்துத் தேசிய சுவடிகள் காப்பகமும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கையால் வரைந்த படங்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது. காசு கேட்பதில்லை, கடிதம் கேட்பதில்லை. கைத்தொலைபேசியில் விரலால் விரித்து, வரைந்தவனின் தூரிகைத் தடம் வரைக்கும் பார்க்கலாம். ஒரு மாணவியின் அம்மம்மாவுக்கு ஊர் வேலணை. ஒல்லாந்தர் தங்கள் நகரங்களின் பெயர்களை எங்கள் தீவுகளுக்கு இட்டார்கள். புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், வேலணைத்தீவு லெய்டன். லெய்டன் நூலகத்தின் பக்கத்தில் லெய்டன் என்ற பெயரோடு தன் அம்மம்மாவின் தீவைக் கண்டதும் அந்தப் பிள்ளை வகுப்பு முடிந்த பிறகும் எழும்பவில்லை.

கொழும்புப் படங்களை வாசிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். வடக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் காலத்தில் இல்லை. பல படங்களில் கடல் எந்தப் பக்கம் என்று தேடிய பிறகுதான் திசை பிடிபடும். அளவுகோல் ரைன்லாந்து ரூட்டில் இருக்கும். ஒரு ரூட் 12 ரைன்லாந்து அடி, இன்றைய கணக்கில் 3.767 மீற்றர். இதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பெருக்கினார்கள். பிறகு கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்தினோம். அதற்கு இரண்டு படத்திலும் நகராமல் இருக்கும் இடங்கள் சில வேண்டும். எங்களுக்கு முதலில் கைகொடுத்தது வுல்பெண்டால் தேவாலயம். 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்த கட்டடம், சிலுவை வடிவில் மேட்டின் மேல் நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் வரிசையாக வந்து பொருந்துகின்றன. பிரித்தானியர் 1869இலிருந்து இடித்த கோட்டை மதிலின் கோடு, இன்று வங்கிகளும் ஹோட்டல்களும் நிற்கும் நிலத்தின் குறுக்கே ஓடுகிறது. பேர ஏரி எவ்வளவு தூரம் பரந்து கிடந்தது என்று கண்டபோது ஒரு பையன் கேட்டான்: "மிஸ், இவ்வளவு தண்ணியும் எங்க போனது?"

நான் வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறேன், ஆகையால் அந்தக் கேள்வி எனக்கு வெறும் பாடமாக இல்லை. எங்கள் பகுதியில் வீடு வாங்குகிறவர்கள் உறுதியைப் பார்க்கிறார்கள், வங்கிக் கடனைப் பார்க்கிறார்கள், எந்த மாடியில் காற்று வரும், கோயில் எத்தனை நிமிடம் என்று விசாரிக்கிறார்கள். அந்தக் காணி ஐம்பது வருடங்களுக்கு முன் வயலா, சதுப்பா, கால்வாயின் கரையா என்று கேட்பவர்களை நான் கண்டதில்லை. கேட்டாலும் பார்ப்பதற்கு ஒரு படம் கையில் கிடைக்காது. வெள்ளவத்தையின் வளர்ச்சியைப் படங்களில்தான் கோர்வையாகப் பின்தொடரலாம். 1894இல் காலிக்குப் போய்ச் சேர்ந்த கரையோர ரயில் பாதை, ஹவ்லொக் வீதியின் நெசவாலை, ஆலை போன பிறகு அதே நிலத்தில் எழும்பிய ஹவ்லொக் சிட்டி, கடலுக்கும் ரயில் பாதைக்கும் அருகே நீண்ட மரைன் டிரைவ். ஒவ்வொன்றும் நிலத்தில் தண்ணீர் ஓடும் வழியையும் மாற்றியிருக்கும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொழும்பின் தாழ்ந்த பகுதிகள் நாட்கணக்காக மூழ்கிக் கிடந்தன. எந்த இடம் முன்னர் நீர் தங்கிய இடம் என்பதைப் பழைய படம் சொல்லும். அதைத் தெரிந்துகொள்ள வீடு வாங்குகிறவருக்கு உரிமை உண்டு, வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு.

இந்தப் படங்கள் இலங்கையில் இல்லாமல் இல்லை. நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கப்பட்டது, இந்நாட்டின் மிகப் பழைய அரச திணைக்களங்களில் ஒன்று. ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவில் தீவு முழுவதையும் 72 தாள்களில் வரைந்த வேலை 1897இல் தொடங்கி 1924இல் முடிந்தது. அட்டைகளும் நுளம்பும் காய்ச்சலும் நிறைந்த காடுகளுக்குள் சங்கிலி இழுத்தவர்களின் உழைப்பு அது. ஒல்லாந்தர் காலத் தோம்புகள் எனப்படும் காணிப் பதிவேடுகளும் படங்களும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பனியின் சுவடிகளை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தபோது இலங்கையிலுள்ள பகுதியும் அதில் சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் பட்டியல் இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. நில அளவையாளரான ஆர். எல். புரோகியர் 1950இல் இலங்கையின் நில அளவை வரலாற்றை எழுதினார். அடுத்த வருடம், சுவடிகள் பொறுப்பிலிருந்த போலுஸ் என்பவரோடு சேர்ந்து, நாட்டிலுள்ள வரலாற்றுப் படங்களின் விளக்கப் பட்டியலை இரண்டாம் தொகுதியாக வெளியிட்டார். கடினமான பாதி வேலை எழுபது வருடங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது.

மற்றப் பாதிக்குத்தான் ஆளில்லை. ஒரு நிறுவனத்தின் நூலகத்தில் நான் பழைய கொழும்புத் தாள் ஒன்றைக் கேட்டபோது, எதற்கு, யாருடைய அனுமதி, எந்த ஆய்வுக்கு என்று கேட்டார்கள். ஆய்வு ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றேன். அதற்கு அவர்களின் படிவத்தில் இடம் இருக்கவில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கு வேறு வழி கொடுக்கப்படவில்லை என்பது எனக்கு விளங்கியது.

பாதுகாப்பு என்று ஒரு காரணம் சொல்வார்கள். செய்மதிப் படத்தில் ஒவ்வொரு கூரையும் தெரியும் காலத்தில் 1924ஆம் ஆண்டுத் தாளை ஒளித்து யாரைக் காக்கிறோம்? தாள் பழையது, தொட்டால் கிழியும் என்பது நியாயமான கவலை. அதற்கு மருந்து ஸ்கேன்தான். ஒருமுறை கவனமாக எடுத்துவிட்டால் பிறகு யாரும் தாளைத் தொட வேண்டியதில்லை. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்திருப்பதன் ஆபத்தைத் தமிழருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981 ஜூன் மாதம் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்களோடு திரும்பப் பெற முடியாத ஏடுகளும் எரிந்தன.

காணிக்கும் பழைய படங்களுக்கும் உள்ள தொடர்பை வடக்கு மக்கள் அண்மையில் மறுபடியும் அனுபவித்தார்கள். 2025 மார்ச் 28இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல், வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கருக்கு உரிமை கோருகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும் என்றது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அரசாங்கம் அதிலிருந்து பின்வாங்கியது. போரில் உறுதியைத் தொலைத்தவர்கள், முகாமிலிருந்து முகாமுக்கு ஓடியவர்கள், கனடாவில் இருக்கும் வாரிசுகள், இவர்களில் எத்தனை பேரிடம் தங்கள் காணியைக் காட்டும் பழைய கிராமப் படம் இருக்கும்? படம் உறுதிக்கு ஈடாகாது. ஆனால் எங்கே கிணறு, எங்கே கோயில், எங்கே வாய்க்கால் என்று பழைய தாள் காட்டும்போது வயோதிபர் ஒருவரின் சாட்சியத்துக்குப் பலம் சேர்கிறது.

ஆகவே கொழும்பு, யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழக நூலகங்களிடம் நான் கேட்பது இதுதான். நில அளவைத் திணைக்களத்தோடும் சுவடிகள் திணைக்களத்தோடும் ஓர் உடன்பாடு செய்து, பழைய ஓரங்குலத் தாள்கள் எல்லாவற்றையும் முதலில் இணையத்தில் விடுங்கள். 72 தாள் என்பது ஒரு நூலகத்துக்குத் தாங்க முடியாத சுமையல்ல. பிறகு நகரத் திட்டப் படங்கள், பிறகு ஒல்லாந்தர் படங்கள். வாசகர் கூடம் ஒன்றையும் திறந்து வையுங்கள், அங்கே பாடசாலைப் பிள்ளைக்கும் நாற்காலி இருக்கட்டும்.

தேடும் வசதி தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். என் அயலவர்கள் செட்டியார் தெரு, ஆட்டுப்பட்டித் தெரு, புதுக்கடை, கொம்பனித் தெரு என்றுதான் சொல்வார்கள். இந்தப் பெயர்களைத் தட்டினால் எந்தப் பட்டியலிலும் ஒன்றும் வராது, ஏனென்றால் படங்களில் இருப்பவை வேறு பெயர்கள். இரண்டையும் இணைக்கும் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கப் பேராசிரியர்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிமத் திட்டம், தன்னார்வலர்கள் சேர்ந்தால் ஈழத்து ஆவணங்களை எவ்வளவு தூரம் திரட்டலாம் என்று காட்டிவிட்டது. கொட்டாஞ்சேனையின் பெயர்களை என் வகுப்புப் பிள்ளைகள் ஏற்கெனவே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எந்த நூலகம் கேட்டாலும் அந்தக் கொப்பிகளைக் கொடுக்கிறோம்.