ஓரிரவுக் காவல்

வகுப்பிலே தூங்கி விழும் மாணாக்கனைச் சோம்பன் என்று கடிதல் எளிது. அவன் இரவில் எவ்வாறு உறங்கினான் என வினவுவோர் சிலரே. பெருங்குறட்டையும், வாயால் மூச்சுவிடுதலும், உறக்கத்திடையே மூச்சுத் தடைப்பட்டுத் திடுக்கிட்டு விழித்தலும் ஒரு பிள்ளையிடத்துக் காணப்படின், அது சோம்பலன்று, நோயாகலாம். தொண்டையின் இருமருங்குமுள்ள ரொன்சில்களும், மூக்கின் பின்னேயுள்ள அடினோயிட் சதையும் பருத்து மூச்சுவழியை நெருக்குதலே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும். அவற்றை நீக்கும் சத்திரசிகிச்சை பல பிள்ளைகட்கு நல்லுறக்கத்தையும், அதன்வழிக் கல்வியூக்கத்தையும் மீட்டுத் தருகின்றது.

ஆயினும், சிகிச்சை முடிந்த அளவில் இடரும் முடிந்தது எனக் கருதுதல் பிழையாகும். இதனையே நாம் ஈண்டு வலியுறுத்த விழைகின்றோம். அன்றிரவு தொண்டை வீங்கியிருக்கும். மயக்கமருந்தின் வேகமும் முற்றாகத் தணிந்திராது. நெடுநாள் ஒட்சிசன் குறைவோடு உறங்கிய பிள்ளைக்கு, அபினினத்தைச் சேர்ந்த நோவாற்றும் மருந்து சிறிதளவாயினும் மூச்சைத் தளர்த்திவிடக்கூடும். 3 வயது நிரம்பாதோர், உடல் மிகப் பருத்தோர், மூச்சுத்தடை கடுமையாகவுள்ளோர், முகவமைப்பிற் குறையுள்ளோர், தசைத்தளர்ச்சி நோயுடையோர் ஆகியோர்க்கு இவ்விடர் மிகுதி. இத்தகையோரை வைத்தியசாலையில் வைத்தே கண்காணித்தல் வேண்டுமென அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2012ஆம் ஆண்டில் நெறி வகுத்தது.

மருந்தே நஞ்சானமைக்குக் கோடீன் சான்றாகும். உண்ட கோடீனை ஈரல் மோபீனாக மாற்றுகின்றது. பிறப்பியல்பாற் சிலரிடத்து இம்மாற்றம் மிக விரைந்து நிகழும். அத்தகைய பிள்ளைகளுட் சிலர் வைத்தியர் குறித்த அளவே உண்டும் மூச்சடங்கி மாண்டனர். ஆதலின், இச்சிகிச்சையின் பின் பிள்ளைகட்கு அதனைக் கொடுத்தலாகாதென அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2013இல் விலக்கியது. நோவுக்கோ இருமலுக்கோ 12 வயதிற் குறைந்த எவர்க்கும் அது ஆகாதென 2017இல் மேலும் விதித்தது.

பிள்ளைக்கு வீடே ஆறுதல், வைத்தியசாலையிற் கட்டில்கள் குறைவு, செலவும் மிகும் என்பர் சிலர். இடர்க்குறி எதுவுமில்லாப் பிள்ளையை வைத்தியர் அன்றே அனுப்புதலை நாம் மறுக்கவில்லை. இடருள்ள பிள்ளைக்கு ஓரிரவுக் காவலை மறுத்தலையே மறுக்கின்றோம்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர் இன்று தந்தையர், சிலர் பாட்டனார். அவர்கட்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளையின் குறட்டையை வைத்தியரிடம் மறவாது கூறுக. குறித்த நாள் தவறிப்போகுமென அஞ்சித் தடிமனையும் காய்ச்சலையும் மறைக்கற்க. வீட்டில் மிஞ்சிய மருந்தையோ, மூத்தோர் மருந்திற் பாதியையோ கொடுக்கற்க. உறங்கும் பிள்ளையின் நெஞ்சு உட்குழிந்து மூச்சு வாங்கினும், மூச்சு இடையிடையே நின்றினும், உதடு நீலம் பாரிப்பினும், எழுப்பியும் எழாதிருப்பினும் விடியுமட்டும் காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

பிள்ளையின் இரவைத் தாய் அறிவாள். பகலை ஆசிரியர் அறிவர். இருவர் அறிந்ததும் வைத்தியர் செவியைச் சேருமாயின், காக்கவேண்டிய பிள்ளை எது என்பது முன்னரே புலப்படும். பிரம்பை எடுக்குமுன் பெற்றோர்க்கு ஒரு கடிதம் வரைதல் ஆசிரியர் கடனாகும்.