அழிக்கும் சாவி ஒரே கையில் எதற்கு?

2021 டிசம்பர் 14 மாலையில் தொடங்கி 16 நண்பகல் வரை, ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பகத்திலிருந்து ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள் சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருந்தன. மொத்தம் 77 டெராபைட். 14 ஆய்வுக் குழுக்களின் உழைப்பு. திருடன் எவனும் உள்ளே நுழையவில்லை. அழித்தது, கோப்புகளைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட பேக்கப் நிரல். பத்து நாளைத் தாண்டிய லாக் கோப்புகளை மட்டும் நீக்கவேண்டிய அந்த நிரலைத் திருத்தியவர்கள், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதன்மேல் புதியதை எழுதிவிட்டார்கள். பாதி வழியில் நிரல் புதிய வரிகளைப் படிக்கத் தொடங்கியது. எந்த ஃபோல்டரில் நீக்கவேண்டும் என்று சொல்லவேண்டிய இடம் அப்போது வெறுமையாக இருந்தது. லாக் கோப்புகளுக்குப் பதிலாக ஆய்வாளர்களின் கோப்புகள் போயின. நான்கு குழுக்களின் இழப்பை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. நிரலை எளிதாகப் படிக்கும்படி ஆக்குவதும் அந்தத் திருத்தத்தின் நோக்கங்களில் ஒன்று என்பதை என்னவென்று சொல்ல!

அந்த அமைப்பை வழங்கிய ஹியூலெட் பக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டது. நேர்மையான செயல்தான். ஆனால் இத்தகைய விபத்துகள் பெரும்பாலும் தவறு செய்த கையைக் கண்டுபிடிப்பதோடும், இனி கவனமாக இருங்கள் என்ற சுற்றறிக்கையோடும் முடிந்துவிடுகின்றன. இரண்டு நாளாகக் கோடிக்கணக்கில் கோப்புகளை அழிக்கச் சொல்லி ஒரு நிரல் ஆணையிட்டபோது, சேமிப்பகம் ஏன் ஒருமுறைகூட மறுக்கவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அழிக்க மறுப்பதே சேமிப்பகத்தின் இயல்பாக இருக்கவேண்டும், அழிக்கும் அனுமதி கேட்டு வாங்கவேண்டிய விதிவிலக்காக இருக்கவேண்டும் என்பது நம் நிலைப்பாடு. அரசுத் துறைகளும் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் வாங்கும் ஒவ்வொரு சேமிப்பகத்துக்கும் இதை டெண்டர் நிபந்தனையாக்க வேண்டும்.

நம் சட்டம் இந்த வகையில் நம் அலுவலகங்களைவிட முன்னே நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு மீறல் என்பதற்குத் தரும் வரையறையில் அனுமதியற்ற கையாளுதலையும், தற்செயலாக நேரும் மாற்றம், அழிவு, தரவை எட்ட முடியாமற்போவது ஆகியவற்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறது. தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் தகவல் பாதுகாப்பு என்றதும் நம் நிர்வாகிகளின் மனம் போவது ஃபயர்வாலுக்கும் ஆன்டிவைரஸுக்கும்தான். வெளியாளுக்கு வேலி போட்டாயிற்று. உள்ளே மேய்வது நம் மாடுதானே என்ற நிம்மதி.

அத்துமீறலும் கைத்தவறும் வேறுவேறு நோய்கள் அல்ல என்பதைச் சேமிப்பக நிர்வாகிகள் நெடுநாளாக அறிவார்கள். பெரிய நிறுவனங்களில் டிஸ்க்குகள் ஒவ்வொரு சர்வருக்குள்ளும் தனித்தனியே இருப்பதில்லை. ஒரே பெரிய பெட்டியை வால்யூம்களாகப் பிரித்துப் பல சர்வர்களுக்குப் பங்கிடுகிறார்கள். கண்ணில் படுகிற டிஸ்க்கிலெல்லாம் தன் முத்திரையைப் பதிக்கும் பழக்கம் விண்டோஸ் என்டி சர்வர்களுக்கு ஒருகாலத்தில் இருந்தது. பக்கத்து யுனிக்ஸ் சர்வரின் வால்யூம் தவறுதலாக விண்டோஸ் சர்வரின் பார்வையில் பட்டால் போதும், தரவு கெட்டது. அங்கே கெட்ட எண்ணமும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்ததுதான் வினை. ஒரு வால்யூம் எந்தச் சர்வருக்குத் தெரியலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் லன் மாஸ்கிங், ஜோனிங் போன்ற ஏற்பாடுகள் இதைத்தான் தடுக்கின்றன. கண்ணுக்கே தெரியாத வால்யூமை ஒரு சர்வர் திருடவும் முடியாது, தவறிப்போய் அழிக்கவும் முடியாது.

இந்தப் பாடம் இன்னும் பழையது. மெயின்ஃபிரேம் காலத்துக் காந்த நாடாச் சுருளின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருத்தினால்தான் அதில் எழுத முடியும். வளையம் இல்லையேல் படிக்க மட்டுமே முடியும். நம் வீட்டு ஆடியோ கேசட்டின் மேல்விளிம்பில் இருந்த சின்னத் தாவலும் அதன் உறவுதான். அதை உடைத்துவிட்டால் பிடித்த பாட்டின்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கேசட் பதிவுக்குத் திறந்தே இருக்கும், நாம் நினைவாக அடைக்கவேண்டும். நாடாச் சுருள் அடைந்தே இருக்கும், நாம் நினைவாகத் திறக்கவேண்டும். இன்றைய அலுவலகச் சேமிப்பகங்கள் பெரும்பாலும் தாவல் உடைக்காத கேசட்டுகளாகவே கிடக்கின்றன.

கிளவுடுக்கு மாறிவிட்டால் கவலை விட்டது என்போருக்கு ஆஸ்திரேலியாவில் பதில் இருக்கிறது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம், தன் தரவின் நகலைக் கூகுள் கிளவுடில் இரண்டு இடங்களில் வைத்திருந்தது. 2024 மே மாதம் இரண்டு இடத்திலும் ஒருசேர அழிந்தது. காரணம், உள்ளகக் கருவி ஒன்றில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் விடப்பட்டது. மீண்டும் ஒரு வெற்றிடம்! வேறொரு நிறுவனத்திடம் நிதியம் தனியே வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது. ஒரே ஆணைக்குக் கட்டுப்பட்ட இரண்டு நகல்கள் கணக்கில் ஒன்றுதான். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பரில் ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவை ரான்சம்வேர் பூட்டியபோதும், பாதிக்கப்படாத பேக்கப் சர்வர் ஒன்றிலிருந்தே நோயாளிகளின் பதிவுகள் மீண்டன. இலங்கை அரசின் கிளவுடுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நடந்த தாக்குதலில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்கு விலக்கி வைத்த நகல் இல்லை.

வால்யூமை மறைக்க வேண்டும், அழிக்க அனுமதி வேண்டும், அழிக்க முடியாத நகல் ஒன்று தனியே வேண்டும் என்றால், செலவு பற்றிய ஆட்சேபம் உடனே வரும். வால்யூம் மறைப்பும் அனுமதிப் பட்டியலும் பெரும்பாலும் வாங்கிய பெட்டியிலேயே இருக்கின்றன, யாரும் முடுக்குவதில்லை. ஒரு நேரத்துத் தரவின் நிலையை அப்படியே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட், மாறிய பகுதிகளுக்கு மட்டுமே இடம் கேட்கும். எய்ம்ஸ் ஏறத்தாழ இரண்டு வாரம் பேனாவும் காகிதமுமாக இயங்கியதோடு இந்தச் செலவை ஒப்பிட்டால் போதும். அழிக்க முடியாத நகல், தன் தரவை நீக்கச் சொல்லும் குடிமகனின் உரிமைக்கு எதிரானதாகாதா என்பது அதைவிடக் கனமான கேள்வி. என்றென்றைக்குமான பூட்டு என்றால் முரண்தான். நாம் கேட்பது தவணைப் பூட்டு: முப்பது நாளோ தொண்ணூறு நாளோ யாராலும் தொட முடியாது, பிறகு தானே கழியும். நீக்கக் கோரியவரின் தரவு நடப்புக் கோப்பிலிருந்து உடனே போகும், நகலிலிருந்து தவணை முடிந்ததும் போகும்.

அழிக்க ஒருவர் போதாது, இருவர் அனுமதி வேண்டும் என்றால், நள்ளிரவில் சர்வர் விழுந்து கிடக்கும்போது இரண்டாவது அனுமதிக்கு யாரை எழுப்புவது என்று பணியில் இருப்போர் கேட்பார்கள். மீட்பதற்கு ஒரு சாவி போதும். அழிப்பது, ஃபார்மட் செய்வது, வால்யூமை வேறு சர்வருக்கு மாற்றுவது ஆகியவற்றுக்கு மட்டும் இரண்டு சாவி. கருவூலத்தில் முத்திரைத்தாள்களை இரட்டைப் பூட்டில் வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. மேலும், கை தவறுவதே அந்த வேளையில்தான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரவு வெகுநேரம் கோளாறோடு போராடியபின், ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொன்றின் தரவுத்தளத்தை அழித்தார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைட்டில் 4.5 மட்டுமே மிஞ்சியது. அன்றாட பேக்கப் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கைகொடுத்தது, அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்துவைத்திருந்த ஸ்னாப்ஷாட்.

ஆகவே டெண்டரில் இன்னொரு நிபந்தனையும் வேண்டும்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து முழுமையாக மீட்டுக் காட்டவேண்டும், எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒப்பந்ததாரரின் இறுதித் தவணைப் பணம் அந்தத் தாளைப் பார்த்த பிறகே போகட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த கொள்முதலிலேயே சேர்த்துவிடலாம்.