பசுமை மின்சாரமும் நமது லைட் பில்லும்



தேயிலைத் தொழிற்சாலைகளின் தகரக் கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறி வருகின்றன. எந்த மின்சாரத்தில் தயாரித்த தேயிலை என்று வெளிநாட்டில் வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கியதும் கம்பனிகளுக்கு இதில் அக்கறை வந்துவிட்டது. நல்லதுதான். நுரைச்சோலையில் எரிக்கும் நிலக்கரி குறைந்தால் நமக்கென்ன நட்டம்?

ஆனால் கொழுந்து வாடுவது இரவில். மாலை நிறுவை முடிந்து கொழுந்து வாட்டுக்குப் போனால் விசிறிகள் விடியும்வரை ஓடும். அப்போது கூரைத் தகடு தூங்குகிறது. லக்ஷபான நீரும் நுரைச்சோலை நிலக்கரியும், தேவைப்பட்டால் எண்ணெயும்தான் விசிறியைச் சுற்றுகின்றன. பகலில் கொடுத்த அலகையும் இரவில் எடுத்த அலகையும் கழித்தால் கணக்குக் காகிதத்தில் நேராகிவிடும். மின்கம்பியில் நேராகாது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடே விளக்குப் போடுகிறது. மின்சார சபைக்குச் செலவு ஏறுவதும் அந்த நேரத்தில்தான்.

நடுப்பகலில் நிலைமை தலைகீழ். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அன்று விடுமுறை. பாவனை குறைவு, வெயில் மின்சாரம் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய சுழல் இயந்திரங்கள் போதிய அளவு ஓடவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணிவரை கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி சபையே கேட்டுக்கொண்டது.

தகடு போடாமலே 'பசுமை' ஆகும் வழியும் உண்டு. 1,000 அலகுக்கு ஒன்று என்று சான்றிதழ் விற்கிறார்கள். புதிதாகக் கட்டும் நிலையத்துக்கு அந்தப் பணம் போனால் சரி. பழைய அணையின் மின்சாரத்துக்கே சான்றிதழ் வாங்கினால் ஒரு கரண்டி நிலக்கரிகூடக் குறையாது. மவுஸாகலை நீர் நேற்றும் ஓடியது, இன்றும் ஓடுகிறது. பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்கடியில்தான் கிடக்கிறது. வரட்சியில் கோயில் வெளியே தெரியும்போது நம் பெரியவர்கள் கைகூப்புகிறார்கள். அந்த நீரைக் காட்டி இன்னொருவர் நற்பெயர் வாங்குவதா?

இனி லைட் பில். கூடுதலாகப் பாவிக்கும் நிறுவனங்கள் கூடுதலாகக் கட்டுவதால்தான் லயத்துச் சிறு பாவனையாளருக்குச் சலுகை கிடைக்கிறது. அந்த நிறுவனங்கள் பகலில் தம் மின்சாரத்தைத் தாமே எடுத்துக்கொண்டால் சபையின் வருமானம் குறையும். கம்பி, கோபுரம், இரவு நிலையம் ஆகியவற்றின் செலவு குறையாது. இரவில் அவர்களும் அதே கம்பியில்தான் தொங்குகிறார்கள். மீதிச் செலவு யார் தலையில்? 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியபோது லயங்களில் பட்ட பாட்டை மறக்கவில்லை.

சூரிய மின்சாரத்தை நாம் எதிர்க்கவில்லை. மாலைக்குச் சேமிக்கும் பற்றரியோடு வரட்டும். இரவுக் கம்பிக்கு உரிய கட்டணத்தைப் பெரிய பாவனையாளர் கட்டட்டும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணத் திருத்தத்துக்குக் கருத்துக் கேட்கும்போது நமது சங்கம் இதையே எழுதிக் கொடுக்கும். தோட்டக் கமிட்டித் தலைவர்களும் தொழிற்சாலையில் கேட்கட்டும்: பற்றரி உண்டா? மின் செலவில் மிச்சமாவது எவ்வளவு? சம்பளப் பேச்சில் உற்பத்திச் செலவு கூடிவிட்டது என்பவர்கள் அந்தக் கணக்கையும் மேசையில் வைக்கட்டும்.