அடுப்படியில் பிறந்தால் சமையல் வருமா?

அமெரிக்காவில் எட்டு வருஷம் உபஜனாதிபதியாக இருந்த ஆல் கோரின் மகள் எழுதியது, இதைப் படித்தால் வாஷிங்டன் அரசியல் உள்ளும் புறமும் விளங்கிவிடும் என்று சொல்லி, கிறிஸ்டின் கோரின் 'சாமிஸ் ஹில்' (2004) என்னும் நாவலை நண்பர் ஒருவர் சென்ற வாரம் என் கையில் வைத்தபோதே எனக்கு மனம் கசந்தது. இரண்டு இரவுகள் கண்விழித்துப் படித்து முடித்தபின் அந்தக் கசப்பு கோபமாகவே முற்றிவிட்டது. உள்ளே இருந்து பார்த்தவர் எழுதினால்தான் உண்மை வரும் என்கிற நம்பிக்கை இலக்கியத்துக்குச் செய்திருக்கும் கேடு கொஞ்சமல்ல.

கதாநாயகி சமந்தா ஜாய்ஸ், ஒஹையோ மாகாண செனட்டரிடம் வைத்திய வசதி சம்பந்தமான விஷயங்களைக் கவனிக்கும் 26 வயதுப் பெண். அவள் வளர்க்கும் சண்டை மீன்கள் செத்துச் செத்துப் போகின்றன. இன்னொரு செனட்டருக்குப் பிரசங்கம் எழுதிக்கொடுக்கும் வாலிபன்மேல் அவள் மனம் போகிறது. ஒரு மசோதா காகிதத்தில் பிறந்து, கமிட்டியில் அடிபட்டு, பேரத்தில் பாதி உருவிழந்து வெளியே வருவதல்லவா அந்த உத்தியோகத்தின் ரத்தமும் சதையும்? அதுவோ இங்கே காதலுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை. ஆசிரியை தொலைக்காட்சி ஹாஸ்ய நிகழ்ச்சிகளுக்கு எழுதியவர். பக்கத்துக்குப் பக்கம் சிரிக்க வைத்தாக வேண்டுமென்ற அவசரம் அந்தப் பழக்கத்தில் வந்ததே தவிர, அரசியல் வீட்டில் பிறந்ததால் வந்ததல்ல.

பிரிட்டிஷ் பார்லிமெண்டை வைத்து நாவல் எழுதிய ஆன்தனி ட்ரோலப் எந்த மந்திரியின் மகன்? தகப்பனார் தொழிலில் நொடித்துப்போன வக்கீல். ட்ரோலப்போ தபால் இலாகா உத்தியோகஸ்தர். சபாநாயகரின் அனுமதி பெற்று இரண்டொரு மாதம் காமன்ஸ் சபையின் மாடத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு அவர் எழுதிய 'ஃபினியஸ் ஃபின்' 1867லேயே பத்திரிகையில் வெளிவரத் தொடங்கிவிட்டது. 1868ல் பெவர்லி தொகுதியில் நின்றபோதோ நால்வரில் கடைசியாக வந்து தோற்றார். அந்த ட்ரோலப்பின் நாவலில், பேசப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்து, கன்னிப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த ஐரிஷ் வாலிபன், வேளை வந்ததும் நெஞ்சு படபடக்க, எழுந்திருக்கவே துணிவின்றி ஆசனத்தோடு ஒட்டிக்கொள்கிறானே, அந்த ஒரு கணத்துக்கு ஈடாக, உபஜனாதிபதியின் வீட்டில் வளர்ந்தவரின் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டா? சபையில் ஒருநாள்கூட அங்கத்தினராக அமராத ட்ரோலப்புக்குத் தெரிந்த பயம், இந்தப் புத்தகத்தில் யாருக்குத் தெரிந்திருக்கிறது?

லேசான நாவல்தானே, இவ்வளவு கோபம் எதற்கு என்பார்கள். லேசாக எழுதுவதற்குத்தான் கை பழுத்திருக்க வேண்டும். எழுத்தை விட்டுவிட்டுத் தகப்பனார் பெயரைச் சொல்லிப் புஸ்தகம் விற்கும் வியாபாரிகள் ஒரு பக்கம், அந்தப் பெயருக்காகவே மதிப்புரை எழுதும் பத்திரிகைகள் மறுபக்கம். நடுவில், எந்தப் பெரிய வீட்டிலும் பிறக்காத யாரோ ஒரு தபால் குமாஸ்தாவின் கையெழுத்துப் பிரதி பிரிக்கப்படாமலே திரும்பிப் போகிறது.