வீடு திரும்பிய பிறகு யார் சொல்லித் தருவது?

தண்டுவடம் காயமடைந்து கைகால் செயலிழந்தவர்களும் பயிற்சி பெறும் பெர்கேசோ மறுவாழ்வு மையம் பல ஆண்டுகளாக மலாக்காவில் மட்டுமே இருந்தது. இப்போது ஈப்போ மேரு ராயாவிலும் ஒரு மையம் வந்துவிட்டது. நடக்கப் பயிற்சி தரும் ரோபோ கருவிகள் அங்கே உள்ளன. பேராக் மக்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் பயிற்சி முடிந்து சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ உள்ள வீட்டுக்குத் திரும்புபவர், மறுநாள் காலை முதல் எப்படி வாழ்வது என்று யாரிடம் கேட்பது?

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டால் கைகால்கள் நான்கும் பாதிக்கப்படுகின்றன. மோட்டார் சைக்கிள் விபத்து, உயரத்திலிருந்து விழுதல், ஆழமில்லாத நீரில் தலைகீழாகக் குதித்தல் ஆகியவை முக்கியக் காரணங்கள். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். உயிர் தப்பியவர்களில் சிலர் இப்படித்தான் படுக்கையில் விழுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் இளைஞர்கள். அவர்களுக்கு முன்னால் நாற்பது, ஐம்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது.

அந்த வாழ்க்கை நீள்வது பெரும்பாலும் வீட்டில் நடக்கும் சின்னச் சின்ன வேலைகளைப் பொறுத்தது. உணர்ச்சியற்ற தோலுக்கு அழுத்தம் தெரியாது. அதனால் ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வந்துவிடும். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதைக் கண்டிப்பான வழக்கமாக்கினார். இரவிலும் அது தொடர்ந்தது. அதுவரை சில மாதங்களில் இறந்துபோனவர்கள் பல ஆண்டுகள் வாழத் தொடங்கினார்கள். இன்றும் அடிப்படை அதுதான். நாற்காலியில் இருக்கும்போதும் கால்மணி, அரைமணிக்கு ஒருமுறை உடலைச் சாய்த்து, ஓரிரண்டு நிமிடம் பிட்டத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். தினமும் பிட்டம், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அழுத்தம் எடுத்த பிறகும் மாறாமல் இருந்தால், அது மாறும்வரை அந்த இடத்தில் பாரம் படக்கூடாது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் சூடு, வீக்கம், தடிப்பு உண்டா என்று தொட்டும் பார்க்க வேண்டும்.

இதைவிட அவசரமானது இன்னொன்று. மார்பின் நடுப்பகுதிக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, குழாய் மடங்கி அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டிக்கொண்டாலோ ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை வெடிப்பதுபோல் வலிக்கும். முகம் சிவந்து வியர்க்கும். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிட வேண்டும். இறுக்கமான உடையைத் தளர்த்திவிட்டுச் சிறுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும். காரணம் தெரியாவிட்டாலோ, தலைவலி தணியாவிட்டாலோ 999க்கு அழைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரை போகும்.

இங்கேதான் ஒரு சிக்கல். கழுத்தில் அடிபட்ட பலருக்கு வழக்கமான மேல் ரத்த அழுத்தமே 90 முதல் 110 வரைதான் இருக்கும். அவர்களுக்கு 140 என்றால் ஆபத்து. விவரம் தெரியாதவருக்கோ அது சாதாரண எண்ணாகத் தெரியும். அதனால் பல ஆண்டுகள் இந்த நிலையில் வாழ்ந்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் யோசனை, தங்கள் வழக்கமான அளவையும் செய்ய வேண்டியதையும் மலாய் மொழியில் ஓர் அட்டையில் எழுதிச் சக்கர நாற்காலியிலேயே மாட்டிவைக்க வேண்டும் என்பது. மருத்துவமனை தரும் கையேட்டிலும் இந்த யோசனை இருக்கலாம். ஆனால் அனுபவப்பட்டவர் வாயால் கேட்கும்போதுதான் அது மனதில் பதிகிறது.

வெயிலைப் பற்றியும் அப்படித்தான். அடிபட்ட இடத்துக்குக் கீழே உடல் சரியாக வியர்க்காது. அதனால் நம் ஊர் மதிய வெயிலில் உடல் சூடு ஏறிவிடும். ஈரத்துண்டும், தண்ணீர் தெளிக்கும் போத்தலும், மின்விசிறியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சுடச்சுட மைலோ குவளையை மடியில் வைத்தால் தொடை வெந்தாலும் தெரியாது. குளிக்கும் தண்ணீரின் சூட்டைப் பராமரிப்பவர் முழங்கையால் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

வீடும் ஒரு சவால். பழைய தோட்ட லயத்தில் படிகளும், தள்ளியிருக்கும் கழிவறையும் தடை. தாமான் வீட்டில் குளியலறைக் கதவு குறுகல். வாசலில் 15 சென்டிமீட்டர் படி இருந்தால், சரிவுப் பாதை ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம் வேண்டும். அதைவிடக் குட்டையான பலகையைப் போட்டால், தள்ளுபவருக்கு முதுகு போகும். நாற்காலி கவிழவும் கூடும். இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல ஒருவர் இருந்தால் செலவும் மிச்சம்.

அப்படிச் சொல்லித் தரும் ஏற்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். அவர் முயற்சியில் 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் உருவானது. தென்காசி அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொறியியல் மாணவராக இருந்த அவர் 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவரது சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போகிறார்கள். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழ்நாடு 19 வயதுக்குட்பட்ட மகளிர் கிரிக்கெட் அணியின் தலைவியாக இருந்த பிரீத்தி ஸ்ரீனிவாசன் 1998இல் புதுச்சேரிக் கடலில் அடிபட்டார். திருவண்ணாமலையில் அவர் நடத்தும் சோல்ஃப்ரீ அறக்கட்டளை இவர்களைப் போன்றவர்களுக்கென்றே இயங்குகிறது.

இந்த மூவரும் தாங்கள் பட்டதைத் தங்களோடு வைத்துக்கொள்ளவில்லை. மருத்துவர் சொல்லும் அறிவுரையோடு, அதே நாற்காலியில் இருப்பவரின் அனுபவமும் சேர்ந்தபோது வேலை நடந்தது.

பேராக்கில் இல்லாதது அந்த இணைப்புதான். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது மக்கள் சிதறிப் போனார்கள். முன்பு லயத்தில் ஒருவர் விழுந்தால் பத்துப் பேர் ஓடிவருவார்கள். இப்போது தாமான் வீட்டில் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு தாயோ மனைவியோ தனியாகப் புரட்டிப் போடுகிறார். பக்கத்து ஊரில் இதே நிலையில் இன்னொருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

உதவித் திட்டங்களும் இப்படித்தான் கைக்கு எட்டாமல் போகின்றன. வேலைக்குப் போகும், வரும் வழியில் நடந்த விபத்துக்கும் பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. எப்போதும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால், ஓய்வூதியத்தோடு பராமரிப்புப் படியும் கிடைக்கும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமும், இல்லத்தரசிகளுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. ஆனால் அவற்றில் முன்கூட்டியே சந்தா கட்டியிருக்க வேண்டும். புல் வெட்டும் குத்தகை வேலை, கடை உதவியாள் வேலை என்று சந்தா இல்லாமல் உழைத்தவருக்குச் சமூக நலத்துறையே வழி. அங்கே முதலில் மாற்றுத்திறனாளி அட்டை எடுக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டுத் தனி உதவித்தொகையும் உண்டு. எந்தப் பாரத்தை எங்கே கொடுப்பது என்பதை ஏற்கெனவே அலைந்து திரிந்தவர்தான் நறுக்கென்று சொல்வார்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத காரியம். மருத்துவமனையிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போதே, அவர் சம்மதித்தால், இந்த நிலையில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருடன் அவரை இணைத்துவிட வேண்டும். தோட்டத்து அம்மாவிடம் தமிழில் பேச ஆள் வேண்டும். ஆலய மண்டபமோ தமிழ்ப்பள்ளியோ சில மாதங்களுக்கு ஒருமுறை இடம் தந்தால், தாதி ஒருவர் தோலையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கலாம். மண்டபத்துக்கு வேன் ஏற்பாட்டைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையமும் இந்திய இயக்கங்களும் ஏற்கலாம். முதல் கூட்டத்துக்கு ஐந்து குடும்பங்கள் வந்தாலே போதும். யார் எந்த மெத்தை வாங்கினார்கள், எந்தக் குழாய் அடைக்கிறது, இரவில் புரட்ட எப்படி முறை வைத்துக்கொள்கிறார்கள் என்று அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.