தாளம் தவறியது யார்?

சுருதியைத் தாயென்றும் லயத்தைத் தந்தையென்றும் போற்றுவது நம் இசை மரபு. தாளம் பிசகினால் எத்துணை இனிய குரலும் எடுபடாது. ஆகவே, இசை பயிலும் பிள்ளையொன்றைப் பார்த்து, "உனக்கு லயம் போதாது" என்று பெரியோர் கூறுவது சிறு கண்டனமன்று. அப்பிள்ளையின் ஊக்கத்தை ஒடித்துவிடக்கூடிய தீர்ப்பாகும். அத்தீர்ப்பை வழங்குமுன் இன்னொரு சந்தேக நபரையும் விசாரித்தல் நீதி. அந்நபர் வேறு யாருமல்லர், வீட்டுக் கணினிதான்.

இன்று கொழும்பின் தொடர்மாடி வீடுகளில் படிப்பறையே ஒலிப்பதிவுக் கூடமாகவும் விளங்குகிறது. கொட்டாஞ்சேனையில் ஒருவர் பாடிப் பதிந்த கீர்த்தனை கைத்தொலைபேசி வழியே வெள்ளவத்தைக்கு வருகிறது. அங்கே ஒரு மாணவன் ஹெட்போனில் அதைக் கேட்டவாறே மிருதங்கம் வாசித்துப் பதிகிறான். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பாட்டு ஒருபுறமும் மிருதங்கம் ஒருபுறமுமாகச் செல்கின்றன. பழி யார்மீது விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இயந்திரம் தாளத்தைக் கெடுப்பது புதிய செய்தியன்று. ஆரம்பகால இசைத்தட்டுகள் யாவும் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்று என்ற கணக்கில் பதியப்பட்டவையல்ல. சில குறைவாகவும் சில கூடுதலாகவும் சுழன்றன. அவற்றை ஒரே வேகத்தில் ஓடவிட்டால் காலப்பிரமாணத்தோடு சுருதியும் மாறிவிடும். நம் பாடகர்கள் தத்தம் குரலுக்கேற்ற சுருதியை வைத்துக்கொள்பவர்களாதலால், கேட்பவருக்குப் பிழை எளிதிற் புலப்படுவதில்லை. 1948இல் 33⅓ சுற்றுத் தட்டும், 1949இல் 45 சுற்றுத் தட்டும் வெளிவந்தபின், வேகத்தை மாற்றி வைத்தால் பாட்டு எப்படி அழுது வடியும் என்பதை வீட்டுக்கு வீடு கண்டனர். இசைத்தட்டின் நோய் ஒன்றே. கணினியின் நோயோ மூவகைப்படும். நோயின் போக்கைக் கவனித்தால் அதன் காரணம் தானே வெளிப்படும்.

முதலாவது, நிலையான தாமதம். தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அளவு பிந்தியிருப்பது இதன் அடையாளம். கணினி ஒலியை அவ்வப்போதே அனுப்பிவிடுவதில்லை. காலி வீதியில் தனியார் பேருந்து ஆட்கள் நிரம்பும் வரை தரித்து நிற்பதுபோல, ஒலித்துணுக்குகள் குறித்த தொகை சேரும் வரை காத்திருக்கிறது. இக்காத்திருப்புக் கிடங்கைப் 'பஃபர்' என்பர். செக்கனுக்கு 44,100 துணுக்குகள் வீதம் பதியும்போது, 1,024 துணுக்குகள் சேர ஏறக்குறைய 23 மில்லிச்செக்கன் செல்லும். உள்ளே வரும்போது ஒரு முறையும் வெளியே செல்லும்போது ஒரு முறையும் என 46 ஆகிறது. மிருதங்கக்காரரைப் பாடகரிடமிருந்து 16 மீற்றர் தூரத்தில் அமர்த்துவதற்கு இது சமம். பஃபரை 128 ஆகக் குறைத்தால் தாமதம் எட்டில் ஒன்றாகும். கம்பியில்லாப் புளூடூத் ஹெட்போன் இதனினும் பெரிய குற்றவாளி. அதன் தாமதம் 100 மில்லிச்செக்கனையும் தாண்டுவதுண்டு. பதிவு வேளையில் கம்பியுள்ள ஹெட்போனையே பயன்படுத்துக.

இரண்டாவது, வளரும் பிழை. முதல் ஆவர்த்தனத்தில் ஒற்றுமை, பத்தாவது நிமிடத்தில் வேற்றுமை. 48,000 வீதத்தில் பதிந்த பாட்டை 44,100 வீதமெனக் கணினி தவறாகக் கொண்டால், 10 நிமிடப் பாட்டு 53 செக்கன் நீண்டுவிடும். சுருதியும் ஏறக்குறைய ஒன்றரைச் சுரத்தானம் இறங்கிவிடும். பாட்டின் மொத்த நேரத்தை அனுப்பியவரிடம் கேட்டு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். இன்னொரு காரணம் மிக நுண்ணியது. ஒலிவாங்கி தன் கடிகாரத்தின்படியும், கணினியின் ஒலிப்பகுதி தன் கடிகாரத்தின்படியும் இயங்கலாம். இரண்டுக்குமிடையில் 10 இலட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருப்பினும், ஒரு மணி நேரத்தில் அது 72 மில்லிச்செக்கனாகும். செக்கனுக்கு எட்டுச் சொற்கள் விழும் விரைவில் இது அரைச் சொல்லுக்கு மேற்பட்ட விலகல். ஒலியை வாங்கலும் வழங்கலும் ஒரே கருவியின் வழியாக நிகழ்ந்தால் இப்பிழை எழாது.

மூன்றாவது, ஒழுங்கற்ற தடுமாற்றம். ஓரிடத்தில் விக்கும், ஓரிடத்தில் பாயும். மறுமுறை கேட்டால் வேறிடத்தில் விக்கும். இது கணினியின் களைப்பு. பின்னணியில் ஓடும் வேறு மென்பொருள்கள், மின்கலச் சிக்கன அமைப்பு, நம் நகரின் வெப்பத்தில் கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுதல் ஆகியன காரணங்களாம். வேண்டாதவற்றை மூடுக, மின்னிணைப்பிலேயே வேலை செய்க, பதிவு முடிந்து ஒலிகளைக் கலக்கும் வேளையில் பஃபரைக் கூட்டுக. பதியும்போது சிறிது, கலக்கும்போது பெரிது என்பதை நினைவிற் கொண்டாற் போதும்.

விசாரணைக்கு எளிய வழியொன்றுண்டு. நிமிடத்துக்கு 60 தட்டு வீதம் தாளவோசையைக் கணினியில் ஓடவிட்டு, ஹெட்போனை ஒலிவாங்கியின் அருகே பிடித்து, 10 நிமிடம் பதிந்து பாருங்கள். மூல ஓசையையும் பதிந்த ஓசையையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், இடைவெளி நிலையானதா, வளர்கின்றதா, தாறுமாறானதா என்பது கண்ணுக்கே தெரியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து மீண்டும் சோதிக்க வேண்டும். நான்கைந்தை ஒருங்கே மாற்றினால் குணப்படுத்திய மருந்து எதுவென்று அறிய முடியாது. இஃது இசைக்கு மட்டுமன்றி, ஆய்வுகூட மாணவர் அனைவருக்கும் பொருந்தும் விதி.

இத்தனைக்குப் பின்னரும் தாளம் விலகினால், அப்பொழுது பிள்ளையைக் கையாற் தாளமிட்டுப் பாடச் சொல்லுங்கள். குருவின் முன்னிலையில், கணினி எதுவுமின்றி, ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் ஒழுங்காக விழுமாயின் அப்பிள்ளையிடம் குறையில்லை. விழாவிடின் அதுவும் பயிற்சியால் தீரும் குறையே. இயந்திரத்தைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதும். வீண்பழியால் வாடிய பிள்ளையின் மனத்தைத் திருத்தவோ ஆண்டுகள் செல்லும். ஆதலால் முதலில் சோதிக்க வேண்டியது கணினியையே என்பது நமது துணிபு.